தேநீர் குடித்துவிட்டுப் பூசைக்குப் போன 17 மாதங்கள்

2022 செப்டம்பரிலிருந்து 2024 பிப்ரவரி வரை, ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், கோயிலுக்குக் கிளம்புவதற்குச் சற்று முன்னால் நான் வேண்டுமென்றே ஒரு டம்ளர் தேநீர் குடித்தேன். கத்தோலிக்கர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கிவிடும். நன்மை, அதாவது பூசையில் குரு தரும் திவ்விய நற்கருணை அப்பம், வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் தண்ணீரும் மருந்தும் தவிர வேறெதுவும் உட்கொள்ளக் கூடாது என்பது திருச்சபையின் ஒழுங்கு. எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது நான் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு "டீ குடிச்சிட்டேங்கா" என்று மெதுவாகச் சொல்லிவிடலாம். குடிக்காமலேயே அப்படிச் சொல்லலாம் என்றாலும், கோயிலுக்குள் பொய் சொல்லப் பயந்து உண்மையாகவே குடித்துவிட்டுப் போனேன். பிறர் பணத்தில் கை வைத்தவளுக்கு அந்தச் சின்னப் பொய்க்கு மட்டும் அத்தனை பயம் இருந்தது என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது; அப்போது வரவில்லை.

நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். எங்கள் ஊர் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. வீட்டுக்காரர் 2019-ல் குவைத்துக்கு ஓட்டுநர் வேலைக்குப் போனார். இருக்கும் இரண்டு ஏக்கரை நானும் மாமனாரும் பார்த்துக்கொண்டோம். 2021 ஜனவரியில், அறுவடைக்கு நின்ற சம்பாப் பயிரின் மீது பருவம் தப்பிய மழை நாள் கணக்கில் கொட்டியதை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாய்ந்த கதிர் தண்ணீருக்குள்ளேயே முளை விட்டது. உரக்கடைக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் கொடுக்க வேண்டிய பணத்துக்காக, பிப்ரவரியில் ஒரு குழுக்கடனில் 40,000 ரூபாய் வாங்கினேன். கொரோனாவினால் குவைத்தில் பாதிச் சம்பளத்தில் இருந்தவரிடம் இதைச் சொல்லி வேதனைப்படுத்த வேண்டாம் என்று நினைத்து, "கொஞ்சம்தான் சேதம்" என்று போனில் சொன்னேன். அன்பினால் மறைத்தது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு மறைத்தவையெல்லாம் அந்த முதல் மறைப்பைக் காப்பாற்றுவதற்காக மறைத்தவை. முதல் கடனின் தவணைக்காக ஜூலையில் இன்னொரு குழுவில் 35,000, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மூன்றாவதாக 50,000 என்று மொத்தம் 1,25,000 ரூபாய்க் கடன் ஆயிற்று.

எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழுவில், 19 குடும்பங்கள். 2022 ஜூனில், வீடுகளில் நல்லது கெட்டதுக்கு வாடகைப் பாத்திரம் எடுப்பதைவிட நாமே அண்டா, குண்டா, கரண்டி, பந்திப்பாய் எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் போட்டார்கள். பணத்தை வைத்திருக்க என்னைத்தான் ஒருமனதாகச் சொன்னார்கள், ஏனென்றால் நான் "கணக்குச் சுத்தமான ஆள்." அந்தப் பெயரை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதை, அதை இழந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். பணம் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு எவர்சில்வர் தூக்கில் இருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தவணைக்கு 1,450 ரூபாய் குறைந்தது. வசூலுக்கு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நான் கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் கட்ட வேண்டும், அவர்களும் வாசலில் நின்றார்கள். உள்ளே போய்த் தூக்கைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் திரும்ப வைத்துவிடுவேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமை வரவே இல்லை. நோட்டில் 19 பெயர்களுக்கு நேரே ஒவ்வொரு மாதமும் நூறு நூறாக அழகாக வரவு எழுதினேன். நோட்டில் எல்லாம் சரியாக இருந்தது, தூக்கில்தான் ஒன்றும் இல்லை.

வசூலைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு அப்போது தெரியாதது. குழுக்கடன் வசூலிப்பவர்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிட்டுத் தொல்லை கொடுக்கக் கூடாது என்றும், ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதிய கடன் கொடுக்கக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி செய்திருக்கிறது. அதற்கு முன்பே நான் மூன்று கடனும் வாங்கிவிட்டேன் என்பது வேறு. ஆனால் இரவு ஏழரை மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரை எழுந்து போகச் சொல்லும் உரிமை எனக்கு இருந்தது. வெட்கத்தில் இருப்பவருக்குத் தன் உரிமைகூடத் தன் கண்ணில் படுவதில்லை.

நன்மை வாங்குவதை நிறுத்தினேனே தவிர, பக்தியைக் குறைக்கவில்லை, கூட்டினேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பீடத்துக்குப் பூ கட்டுவதில் நான்தான் முதல் ஆள். அக்டோபர் மாதம் வீடு வீடாகச் செபமாலை சொல்லும்போது முன்னால் நின்று சொன்னதும் நான்தான். 2023 ஆகஸ்டில் காவிப் புடவை கட்டிக்கொண்டு, தஞ்சாவூரிலிருந்து போகும் கூட்டத்தோடு வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போனேன். ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இரண்டு பாதத்திலும் கொப்புளம் உடைந்து செருப்போடு ஒட்டியது. 29-ஆம் தேதி கொடியேற்றத்தைப் பார்த்தபடி கூட்டத்தில் நின்று அழுதேன். பார்த்தவர்கள் என்ன பக்தி என்று நினைத்திருப்பார்கள். நான் செய்துகொண்டிருந்தது பேரம்: காலைக் கொடுத்துவிடுகிறேன், வாயைத் திறக்க வைக்காதே. அங்கே பாவசங்கீர்த்தனத்துக்கும், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்கும், வரிசையில் நின்றேன். கோபப்பட்டேன், புறம் பேசினேன், மாமனாரிடம் எதிர்த்துப் பேசினேன் என்று எல்லாம் சொன்னேன்; தூக்கைப் பற்றிச் சொல்லவில்லை. சிறு வயதில் உபதேசியார் சொல்லிக் கொடுத்தது நினைவிருந்தது: தெரிந்தே ஒரு பெரும் பாவத்தை ஒளித்துவிட்டு மற்றதைச் சொன்னால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது. நேர்ச்சைக்கும் பயணத்துக்கும் நான் எதிரி அல்ல, இன்னும் போகத்தான் செய்கிறேன். ஆனால் வாய் சொல்ல வேண்டியதைக் காலைக் கொண்டு சொல்ல முடியாது. நீங்கள் ஒன்றை மறைத்து வைத்திருக்கும் காலத்தில் புதிதாக ஒரு நேர்ச்சை செய்துகொள்ளத் தோன்றினால், அது எதற்குப் பதிலாக வருகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

அதைவிட மோசமான இடம் ஒன்றுக்கும் போனேன். தெரிந்த பெண் ஒருவர் சொல்லி, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு செபக்கூடத்துக்கு நவம்பரில் மூன்று முறை போனேன். கடன் தீராததற்கு வம்சத்தில் இருக்கும் சாபக்கட்டுத்தான் காரணம் என்றும், அதை உடைக்க மூன்று காணிக்கைகள் வைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். முறைக்கு 4,000 என்று 12,000 ரூபாய் கொடுத்தேன்; அதில் பாதி அன்பியப் பணம். ஏமாந்தேன் என்று சொல்லி என்னைத் தப்பவிட எனக்கு விருப்பமில்லை. சாபம் என்று கேட்டதும் எனக்கு ஆறுதலாகவே இருந்தது, ஏனென்றால் சாபம் என்றால் தூக்கைத் திறந்தது நானில்லை என்று ஆகிவிடும். உங்கள் கையால் செய்த ஒன்றுக்கு உங்கள் பாட்டனாரைக் காரணம் காட்டி, அதற்கு விலையும் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

2024 ஜனவரியோடு 20 மாதம் முடிந்தது. 19 பேர், நூறு ரூபாய், 20 மாதம்: 38,000. கும்பகோணத்தில் பாத்திரக் கடையில் விலை விசாரித்து வந்துவிட்டார்கள். உயிர்ப்புப் பெருவிழாவுக்குள் (ஈஸ்டர்) வாங்கிவிட வேண்டும் என்று பேச்சு. பிப்ரவரி 14, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். அந்த நாட்களில் ஓரிரவு என் மனம் போன இடத்தை விரிவாக எழுத விரும்பவில்லை; பிள்ளை தூக்கத்தில் கூப்பிட்டதால் திரும்பினேன் என்பது மட்டும் போதும். அந்த இடம் வரை போனவர்கள் இதைப் படித்தால், மேற்கொண்டு எதையும் யோசிக்காமல் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) பேசுங்கள். அங்கே தமிழில் பேசலாம், காசு இல்லை.

விபூதிப் புதனுக்கு அடுத்த வாரம், வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலுள்ள பூண்டி மாதா பேராலயத்துக்குப் போனேன். எங்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதில் தவறும் இல்லை. எந்தக் குருவிடமும் செய்யலாம், முகம் தெரியாமல் தட்டிக்குப் பின்னாலிருந்தும் செய்யலாம், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லும் குரு திருச்சபைக்கு வெளியே தள்ளப்படுவார் என்பது சட்டம். தஞ்சாவூரில் பஸ் மாறும்போது, வேளாங்கண்ணியில் நடந்ததே இங்கும் நடந்துவிடும் என்று பயம் வந்தது. அதனால் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் 38,000 என்று எழுதி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். முழந்தாளிட்டபோது அந்தச் சீட்டு வேர்வையில் நைந்து, கடைசிச் சுழி ஒன்று விரலில் ஒட்டியிருந்தது. "என்னை ஆசீர்வதியும் சாமி, நான் பாவி" என்று தொடங்கியதும் தொண்டை அடைத்தது. பழக்கமான கோபமும் புறணியும் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. குனிந்து சீட்டைப் பார்த்து, பாடப் புத்தகம் வாசிப்பது போல எண்ணை வாசித்தேன். வயதான சாமியார், காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது. "எவ்வளவுன்னு சொன்னீங்கம்மா?" என்றார். இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை சொன்ன குரல் வேறு மாதிரி இருந்தது. அது என் குரல் என்று எனக்கே தெரிந்தது.

யாருடைய பணம், இப்போது எவ்வளவு இருக்கிறது, எதற்காக எடுத்தேன் என்று மூன்று கேள்வி கேட்டார். திட்டவில்லை. முழுவதையும் திருப்பிக் கொடுத்த பிறகுதான் நன்மை வாங்கலாம் என்று நானாக நினைத்திருந்தேன். 17 மாதம் தள்ளி நின்றதற்குக் காரணமும் அதுதான். அவரிடம் அதைச் சொன்னதும், "அப்படி யாரு சொன்னா?" என்று கேட்டார். திருப்பிக் கொடுப்பேன் என்ற உறுதி உண்மையாக இருந்தால் மன்னிப்பு இப்போதே உண்டு, நன்மையும் இப்போதே உண்டு. ஆனால் மன்னிப்பு கிடைத்தது என்பதற்காகப் பணம் கொடுக்க வேண்டியது இல்லை என்று ஆகிவிடாது என்றார். திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1459-ஆம் எண்ணில் இதுவே இருப்பதைப் பின்னால் பார்த்தேன்: பாவம் மன்னிக்கப்பட்டாலும், திருடியதைத் திருப்பிக் கொடுப்பது போன்ற ஈடு செய்யும் கடமை நிற்கிறது. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஒரு குருவின் வழியாகப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம் என்றார். ஆனால் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது, பாத்திரம் வாங்கும் நாள் நெருங்குகிறது, முழுத் தொகையும் கையில் இல்லை, ஆகையால் யாராவது ஒருவரிடம் சொல்லியே ஆக வேண்டும். யாரிடம் என்று இங்கேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள் என்றார். இது நான் எதிர்பாராத உதவி. பாவத்துக்காக வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப செபம் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் மறந்து நின்றேன். மீதியை அவரே சேர்ந்து சொன்னார். பாவத்துக்குப் பரிகாரமாக, அன்பியப் பணத்தில் முதல் தவணையை அந்த வாரத்துக்குள் கட்டச் சொல்லி, லூக்கா நற்செய்தி 19-ஆம் அதிகாரத்தில், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூல்காரன் சக்கேயுவைப் பற்றிய பத்து வசனத்தை வாசிக்கச் சொன்னார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வாசித்தேன். எத்தனையோ முறை கேட்ட பகுதிதான். சக்கேயு மரத்தில் இருக்கும்போது இயேசு பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இறங்கி வா, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்றுதான் சொல்கிறார். நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சக்கேயு சொல்வது அதற்குப் பிறகு. ஆட்டைத் திருடி விற்றவன் ஒன்றுக்கு நான்காகக் கொடுக்க வேண்டும் என்ற பழைய சட்டத்தைத் தனக்குத் தானே விதித்துக்கொள்கிறான். நானோ நாலு மடங்கையும் கட்டி முடித்துவிட்டு அப்புறம் மரத்திலிருந்து இறங்கலாம் என்று இருந்திருக்கிறேன். வெட்கம் என்று நான் நினைத்திருந்ததில் பாதிக்கு மேல் மானம்தான் என்பதும் அந்தப் பஸ் நிறுத்தத்தில்தான் புரிந்தது. கடவுள் முன்னிலையிலும் கணக்குச் சுத்தமான ஆளாகவே போய் நிற்க வேண்டும் என்று விரும்பியிருக்கிறேன்.

மறுநாள் மாலை அன்பியத் தலைவியான அத்தை வீட்டுக்குப் போய், நோட்டையும் காலித் தூக்கையும் அவர் முன்னால் வைத்தேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை, தூக்கின் மூடியைத் திறந்தவருக்குப் புரிந்துவிட்டது. நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமாடி?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றதும், அவருக்குத் தெரியாமல் அன்பியத்தில் பேசக் கூடாது, முதலில் அங்கே சொல் என்று அனுப்பிவிட்டார். வேறொருவர் வாயால் கேட்டால் அவர் மனம் ஆறாது என்பதை நான் யோசித்திருக்கவே இல்லை. யாரிடம் சொல்வது என்று தேடுகிறவர்களுக்கு இதைச் சொல்வேன்: நன்றாக ஆறுதல் சொல்பவரைவிட, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். அன்றிரவு போனில் வீட்டுக்காரரிடம் மூன்று வருடக் கதையையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எதுவும் பேசாமல் வைத்துவிட்டார். மூன்று நாள் கழித்து, "எல்லாக் கணக்கையும் எழுதி அனுப்பு, ஒன்றும் விடாதே" என்று குரல்பதிவு வந்தது. விடாமல் எழுதினேன்: மூன்று கடனுக்கும் வட்டியும் அபராதமுமாகப் போன 31,000, செபக்கூடத்துக்குப் போன 12,000, பாதயாத்திரைச் செலவு 3,200 என்று செருப்பு வாங்கியது வரை.

அன்பியக் கூட்டத்தில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்க நானே சொன்னேன். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா "பாத்திரம் எங்கயும் ஓடிடாது" என்றார். ஒரு அக்கா மட்டும், நூறு ரூபாய்க்காக நடவுக்குப் போய் முதுகு ஒடிந்த தன் கதையைச் சொல்லி என்னை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டார். அவர் கேட்டது ஒவ்வொன்றும் நியாயம். கிடேரிக் கன்றை விற்று வந்த 14,000 ரூபாயை அந்த வாரமே கொடுத்தேன். மீதி 24,000 ரூபாயை மாதம் 2,000 வீதம் 12 மாதத்தில் கொடுத்தேன். மூன்றாவது குழுக்கடனில் நின்ற பாக்கிக்குச் சங்கிலியைக் கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்து முடித்தேன். அன்பியப் பணம் இப்போது இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில் இருக்கிறது. தொடக்கத்திலேயே அப்படி வைத்திருக்க வேண்டும். எவ்வளவு நம்பிக்கையான ஆள் என்றாலும் பொதுப்பணத்தை ஒருவர் வீட்டு அலமாரியில் வைப்பது அந்த ஆளுக்குச் செய்யும் நன்மை அல்ல.

பாவமன்னிப்புக் கிடைத்ததோடு வெட்கம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு ஒரு நாள் மனம் இலேசாக இருந்தது. அடுத்த வாரமே ரேஷன் கடை வரிசையில் இரண்டு பெண்கள் குனிந்து பேசியதும் அது முழுவதும் திரும்பி வந்தது. பல மாதங்கள் அப்படித்தான் போயின. அந்தக் காலத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே பயிற்சி, இரவு விளக்கை அணைத்த பிறகு ஐந்து நிமிடம், அன்று நடந்ததைத் தொகையோடும் பெயரோடும் ஆண்டவரிடம் சொல்வது. "நான் கேடுகெட்டவள்" என்று பொதுவாகச் சொல்லி அழுவதை விட்டுவிட்டேன். அதில் ஒருவித சுகம் இருக்கிறது, பதில் எதுவும் தேவைப்படாத சுகம். "இன்று இன்னாரிடம் இந்தப் பொய்யைச் சொன்னேன்" என்று சொன்னால் நாளைக்குச் செய்ய ஒரு வேலை இருக்கும். முன்பு மணிக்கணக்கில் செபமாலை சொன்னபோது அவர் தூரத்தில் இருந்ததாகவே எனக்கு நினைவு. இந்த ஐந்து நிமிடத்தில், சில இரவுகளில், அறையில் கூட ஒருவர் இருப்பது போல இருக்கிறது. எல்லா இரவிலும் இல்லை.

யோவான் நற்செய்தியில், இயேசுவைத் தெரியாது என்று அவருடைய சீடன் பேதுரு மறுதலித்த இரவில் குளிருக்காகக் கரி நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். உயிர்த்த பிறகு ஏரிக்கரையில் இயேசு அவனுக்கு மீன் வைத்திருப்பதும் கரி நெருப்பின் மேல்தான். அந்த நற்செய்தியில் கரி நெருப்பு வருவது இந்த இரண்டு இடத்தில்தான் என்று ஒரு தியானத்தில் கேட்டேன். அந்தப் புகை வாசனை பேதுருவுக்கு எதை நினைவூட்டியிருக்கும் என்பதை அவர் அறியாமலா அங்கே அடுப்பு மூட்டினார்?

2025 மார்ச்சில், அந்த ஆண்டுத் தவக்காலம் தொடங்கிய வாரத்தில், கடைசி 2,000 ரூபாயைக் கட்டினேன். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்னால் நாலு பேர் கும்பகோணம் போய்ப் பாத்திரம் எடுத்து வந்தார்கள். கழுவி அடுக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நடவுக்குப் போன அக்கா இப்போது என்னிடம் பேசுகிறார், ஆனால் மாதச் சந்தாவை நான் கையை நீட்டினால் கொடுப்பதில்லை, எனக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவரிடம் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நன்மைக்கு எழுந்து போகும் வரிசையில் பெரும்பாலும் எனக்கு முன்னால் நிற்பதும் அவர்தான். தேநீரை வீட்டுக்கு வந்த பிறகுதான் போடுகிறேன்.